நாலாம் நம்பர் டிஸ்க்குக்கு வைத்த பொட்டு

ஒரு காட்டில், எல்லாக் காட்டிலும் இருக்கிற மாதிரி, ஓர் ஆபீஸ் இருந்தது.

முன்னெல்லாம் அங்கே யார் எந்தப் பொந்தில் வேண்டுமானாலும் குடியிருக்கலாம். ஒருநாள் ஒரே பொந்துக்கு ஆந்தையும் உடும்பும் சண்டை போட்டு, ஆந்தைக்கு இறகு போய், உடும்புக்கு வால் நுனி போய், பெரிய ரகளையாகிவிட்டது. அதற்கப்புறம்தான் ஆபீஸ் வந்தது. எந்த வளை யாருக்கு, எந்தப் பொந்து யாருக்கு என்று எல்லாவற்றையும் ஒரு மெஷினில் ஏற்றினார்கள். ஒவ்வொரு வளைக்கும் கதவு போட்டு, கதவுக்குப் பூட்டும் போட்டார்கள். ஆள் வராத வளைகளின் சாவியெல்லாம் ஆபீஸ் சுவரில் ஆணியில் தொங்கும்.

அந்த மெஷின் பார்க்க இரும்பு பீரோ மாதிரி இருக்கும். உள்ளே பன்னிரண்டு இழுப்பறை. இழுப்பறைக்கு ஒரு டிஸ்க். டிஸ்க் என்றால் வேறொன்றும் இல்லை, டிபன் பாக்ஸைவிடச் சின்னது, சோப்பு டப்பாவைவிடப் பெரியது. காட்டின் விலாசம் மொத்தமும் அதற்குள்தான். ஒரு டிஸ்க் கெட்டுப்போனால் மற்ற டிஸ்க்குகள் சேர்ந்து சமாளிக்கும், வீட்டில் ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் மற்றவர்கள் அவள் வேலையையும் சேர்த்துப் பார்ப்பதுபோல. இரண்டு கெட்டாலும் சமாளிக்கும். மூன்றாவதும் படுத்தால் அவ்வளவுதான். யார் வீடு எது என்று யாருக்கும் தெரியாது. மறுபடியும் இறகு போகும், வால் போகும்.

ஒவ்வொரு டிஸ்க்குக்கும் போய்வர இரண்டு வழி இருந்தது. வாசல் பக்கம் ஒன்று, கொல்லைப்பக்கம் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கின் பின்பக்கத்தில் பொன் நிறத்தில் இரண்டு வரிசைப் பல் இருக்கும். ஒரு வரிசை ஒரு வழிக்கு. இழுப்பறைக்குள் தள்ளினால் அந்தப் பல் உள்ளே போய்க் கடித்துக்கொள்ளும். இரண்டு வரிசையும் நன்றாகக் கடித்தால் பச்சை விளக்கு. ஒரு வரிசை கடிக்காவிட்டாலும் ஆரஞ்சு விளக்கு எரியும், திரையில் 'வழி சரியில்லை' என்று வரும். அப்புறம் மெஷின் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடும். பழையதைக் கேட்டால் காட்டும். புதிதாக ஒரு எழுத்து ஏற்ற விடாது. டிஸ்க் செத்துப்போனாலும் இதே பிடிவாதம்தான்.

அந்த ஆபீசுக்குப் பெரியவர் கரடி. பெயர் பெரியகருப்பன். நல்ல கரடிதான். லஞ்சம் வாங்க மாட்டார். தேன் வாங்குவார். அதை அவர் லஞ்சத்தில் சேர்ப்பதில்லை.

அந்த ஆபீசுக்குத்தான் சடச்சி நடையாய் நடந்தாள்.

சடச்சி ஒரு கீரி. மூன்று குட்டிக்குத் தாய். புருஷன் தூரத்துக் காட்டில் பாம்பு பிடிக்கிற கம்பெனியில் வேலைக்குப் போயிருந்தான். அவள் வளை ஓடைக்கரையில் இருந்தது. போன மழைக்கு ஓடை உள்ளே வந்துவிட்டது. குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டுபோய்ப் பாறைமேல் வைத்துவிட்டு, மழை விடும்வரை அவற்றின்மேல் குடைபோல் கவிழ்ந்து கிடந்தாள். அப்போது குட்டிகள் சின்னவை. வாய்க்குள் அடங்கின. இப்போது வளர்ந்துவிட்டன. இன்னொரு மழையில் மூன்றையும் தூக்க முடியாது. இரண்டைத் தூக்கலாம். 

அதனால்தான் மேட்டு வளை வேண்டும் என்று கேட்டிருந்தாள். கிடைத்தும்விட்டது. சாவி வாங்க வரச் சொன்னார்கள். அவள் குட்டிகளோடு வந்த அன்றைக்குப் பார்த்து மெஷினில் நாலாம் நம்பர் டிஸ்க் செத்துப்போனது.

"ஐயா, அந்தச் சாவி தொங்குதே, அது எனக்குள்ளதுதானே?"

"ஆமா. உனக்குள்ளதுதான்."

"அப்போ எடுத்துக்கட்டுமா?"

"எப்படிம்மா எடுப்ப? மெஷின்ல உன் பேரை ஏத்தணும். ஏத்தாம கொடுத்தா அது சாவி இல்ல, வெறும் இரும்பு."

"இரும்பானாலும் கதவு தொறக்குமேங்க."

"கதவு தொறக்கும். சட்டம் தொறக்காது" என்றார் பெரியகருப்பன்.

அவளுக்குப் பின்னால் வரிசையில் முள்ளம்பன்றி வீராயி நின்றிருந்தாள். வீராயிக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லாம் நாலு முழம் தள்ளியே நின்றார்கள். முள்ளைப் பார்த்துப் பயம். அதனால் வரிசை ஆபீசைத் தாண்டி ஆலமரம்வரை போயிருந்தது.

"ஏண்டி சடச்சி, வாய்க்குள்ளயே பேசுறியே! சத்தமா கேளு" என்றாள் வீராயி.

"கேட்டேங்கா."

"என்ன சொன்னாரு?"

"இரும்புன்னு சொன்னாரு."

மேலே பார்த்தாள் சடச்சி. மேற்கே மேகம் கூடிக்கொண்டிருந்தது.

கம்பெனியிலிருந்து மெக்கானிக் வந்தான். அவன் மரங்கொத்தி. பெயர் அருளப்பன். எதையும் அலகால் தட்டி, சத்தத்தை வைத்தே நோயைச் சொல்லிவிடுவான். பீரோவை டொக் டொக் என்று தட்டினான்.

"நாலு காலி. உசுரு இல்ல. புதுசு போட்டா சரியாயிரும்" என்று அட்டைப் பெட்டியைப் பிரித்துப் புது டிஸ்க்கை எடுத்தான்.

உள்ளே தள்ளப் போனவனைக் கரடி தடுத்தார்.

"இரு இரு. புதுச் சாமான். பொட்டு வைக்காம உள்ள விடறதா?"

அந்த ஆபீசில் அதுதான் வழக்கம். புது நாற்காலி வந்தாலும் பொட்டு, புதுத் துடைப்பம் வந்தாலும் பொட்டு. பீரோ வந்த அன்றைக்கு அதன் கதவில் வைத்த பொட்டு இன்னும் அப்படியே இருந்தது. டிஸ்க் மாற்றுவது மட்டும் இதுதான் முதல் தடவை.

கரடி கிண்ணத்தில் சந்தனம் குழைத்தார். வேறு யாராவது என்றால் தண்ணீர் விட்டுக் குழைப்பார்கள், வசதி இருந்தால் பன்னீர் விடுவார்கள். பெரியகருப்பன் தேன் விட்டுக் குழைத்தார். அவர் வீட்டில் எதற்குமே தேன்தான். டிஸ்க்கைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"தம்பி, இதுக்கு மூஞ்சி எந்தப் பக்கம்?"

"டிஸ்க்குக்கு ஏது சார் மூஞ்சி?"

"மூஞ்சி இல்லாத சாமான் உண்டா? பல்லு எங்க இருக்கோ அதான் மூஞ்சி."

அதை யாராலும் மறுக்க முடியவில்லை. பொன் நிறப் பல் வரிசைக்கு நடுவில், கொஞ்சம் வலப்பக்கமாக, கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பொட்டு வைத்தார். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. அருளப்பன்கூடக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கிண்ணத்தில் மிஞ்சியதில் தன் கொண்டைக்குக் கீழே ஒரு தீற்றுத் தீற்றிக்கொண்டான். அப்புறம் கரடி தம் கையாலேயே டிஸ்க்கை உள்ளே தள்ளினார். எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஆரஞ்சு விளக்கு எரிந்தது.

'நாலு: வழி சரியில்லை.'

"சந்தேகமே இல்ல, டிஸ்க்குல கோளாறு" என்றான் அருளப்பன். "வழியில எடுத்துட்டு வரப்ப குலுங்கியிருக்கும். இன்னொண்ணு தாரேன்."

இன்னொன்று வந்தது. அதற்கும் பொட்டு வைத்தார்கள். அதற்கும் ஆரஞ்சுதான்.

"கேபிள்ல இருக்கும்" என்று கேபிளை மாற்றினான். ஆரஞ்சு. வாசல் பக்கக் கேபிளைக் கொல்லைப்பக்கத்திலும், கொல்லைப்பக்கக் கேபிளை வாசல் பக்கத்திலும் மாட்டிப் பார்த்தான். அதற்கும் ஆரஞ்சு. கேபிளைத் தட்டிப் பார்த்தான். கேபிள் தட்டினால் சத்தம் வராது. அதில் அவனுக்குக் கொஞ்சம் தன்னம்பிக்கை குறைந்துபோனது.

கம்பெனிக்குப் போன் போட்டார்கள். தமிழுக்கு ஒன்றை அழுத்தச் சொன்னது. கரடியின் கை அகலத்துக்கு ஒன்றும் இரண்டும் நாலும் ஐந்தும் ஒரே அடியாக அழுந்தின. நாலைந்து தடவை அப்படி எங்கெங்கோ போய், கடைசியில் அருளப்பன் அலகால் கொத்தியபிறகு ஓர் ஆமை பேசியது. ஆமை அவசரப்படாது என்பதற்காகவே கம்பெனி அதை அந்த வேலைக்கு எடுத்திருந்தது.

"வணக்கம்... உங்கள் நேரத்துக்கு... நன்றி. டிஸ்க்கை... வெளிய எடுத்து... திரும்பப் போட்டுப் பாத்தீங்களா?"

"போட்டோம்."

"மெதுவா... போட்டீங்களா?"

"இதுக்கு மேல மெதுவா போட்டா நாங்க கெழவியாயிருவோம்யா!" என்றாள் வரிசையிலிருந்து வீராயி.

"டிஸ்க் மேல... தூசி பட்டுதா?"

"என் ஆபீசுல தூசியா?" என்று கரடிக்குக் கோபம் வந்துவிட்டது.

"தண்ணி... எண்ணெய்...?"

"தண்ணியும் இல்ல, எண்ணெயும் இல்ல. சுத்தபத்தமா வச்சிருக்கோம்."

சந்தனம் பட்டதா என்று ஆமை கேட்கவில்லை. கேட்காததற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

"அப்படின்னா... நல்லாருக்கிற டிஸ்க் ஒண்ண எடுத்து... நாலாவதுல போடுங்க. நாலாவதுல உள்ளத... அதோட எடத்துல போடுங்க. கோளாறு டிஸ்க்கோட போனா... டிஸ்க்குல கோளாறு. நாலாவதுலயே நின்னா... இழுப்பறையில கோளாறு. வேறு ஏதேனும்... உதவி...?"

கேட்க நல்ல யோசனையாகத்தான் இருந்தது. அருளப்பன் நன்றாயிருந்த ஏழாம் நம்பர் டிஸ்க்கை உருவி நாலாவது இழுப்பறையில் போட்டான். நாலாவதில் இருந்த புது டிஸ்க்கை, பொட்டோடு, ஏழாவதில் தள்ளினான். நாலாவது இழுப்பறைக்குள் ஏற்கெனவே தேன் சந்தனம் அப்பிக் கிடந்தது. அது ஏழாம் டிஸ்க்கின் பல்லில் ஒட்டிக்கொண்டது. புது டிஸ்க்கிலிருந்த சந்தனம் ஏழாவது இழுப்பறைக்குள் போய் ஒட்டிக்கொண்டது.

'நாலு: வழி சரியில்லை. ஏழு: வழி சரியில்லை.'

அருளப்பன் இரண்டு இழுப்பறையையும் மாறி மாறித் தட்டிப் பார்த்தான்.

"கோளாறு டிஸ்க்கோடயும் போயிருக்கு, இழுப்பறையிலயும் நின்னிருக்கு சார்."

"அப்படின்னா?"

"அப்படின்னா எனக்கு இந்த வேலை வேண்டாம் சார்."

"ரெண்டு போச்சு. இன்னும் ஒண்ணு போனா?"

"ஒண்ணும் இல்ல சார். எல்லாரும் எங்க இருந்தாங்களோ அங்கயே இருந்துக்க வேண்டியதுதான். யாரு வந்து எழுப்பிவிட்டாலும் இது என் வீடுன்னு சொல்ல முடியாது."

வரிசையில் நின்ற எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆந்தை உடும்பைப் பார்த்தது. உடும்பு வாலைச் சுருட்டிக்கொண்டது.

மேற்கே முதல் இடி இடித்தது.

சடச்சி குட்டிகளைக் கிட்டே இழுத்துக்கொண்டாள். மூத்தது இரண்டும் அவள் காலடியில் ஒண்டின. கடைக்குட்டி குண்டுமணி மட்டும் எங்கேயோ மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா" என்றாள் சடச்சி, இந்தத் தடவை கொஞ்சம் சத்தமாகவே. "மழை வரப் போகுதுங்க. சாவிய இன்னிக்கு மட்டும் தாங்க. மழை விட்டதும் கொண்டாந்து அதே ஆணியில மாட்டிர்றேன்."

பெரியகருப்பனுக்கு மனசு இளகத்தான் செய்தது. ஆணியைப் பார்த்தார். குட்டிகளைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். மெஷின் ஆரஞ்சாக முறைத்தது.

"பாரும்மா, உனக்கு நான் குறுக்க நிக்கல. மெஷின்தான் நிக்குது. அதுக்கு என்னமோ மனக்குறை. இல்லன்னா இப்படிப் பண்ணாது." கொஞ்சம் யோசித்தார். திடீரென்று தொடையில் தட்டிக்கொண்டார். "பிடிச்சிட்டேன்யா! நாலாம் நம்பருக்கு மட்டும் பொட்டு வச்சோம். மத்த பதினொண்ணும் பாத்துக்கிட்டுத்தானே இருந்துச்சு? அதுகளுக்கு ஏக்கம் இருக்காதா? ஒரு பிள்ளைக்கு மட்டும் சட்டை எடுத்துக் கொடுத்தா மத்தது சும்மா இருக்குமா?"

"இருக்காது" என்றாள் வீராயி, தன்னையறியாமல்.

"இன்னிக்கே எல்லாத்துக்கும் வச்சிருவோம். பெரிய பொட்டா. ரெண்டு பக்கமும்."

"ஒரே நேரத்துல உருவினா செத்துப்போகும் சார். ஒண்ணொண்ணாத்தான் எடுக்கணும்" என்றான் அருளப்பன்.

"ஒண்ணொண்ணா எடு. நான் சந்தனம் குழைக்கிறேன்" என்று கரடி பெரிய பானையையும் தேன் குடத்தையும் எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார்.

அருளப்பன் நாலாவதுக்கும் ஏழாவதுக்கும் கரெண்டை நிறுத்தி, அந்த இரண்டு டிஸ்க்கையும் உருவிச் சடச்சி உட்கார்ந்திருந்த பெஞ்சியின் ஓரத்தில் வைத்தான். தானும் ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே பறந்தான். அவனுக்கும் பாவம், காலையிலிருந்து தொண்டை வறண்டிருந்தது.

சடச்சி ஆணியில் தொங்கிய சாவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டித் தாவினால் எடுத்துவிடலாம். எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம். ஆனால் வரிசையில் இத்தனை கண் இருக்கிறதே. அப்புறம் காடு முழுக்கத் திருட்டுக் கீரி என்று பேராகிவிடும். அவள் இப்படி யோசித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் சப், சப் என்று சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்த்தால், மூத்தவளும் நடுவுள்ளவளும் ஆளுக்கு ஒரு டிஸ்க்கைப் பிடித்துக்கொண்டு பல்லை நக்கிக்கொண்டிருந்தார்கள்.

"அடிப்பாவிகளா! கீழ வைங்கடி! ஆபீஸ் சாமான்டி!"

"தேனும்மா" என்றது மூத்தது.

டிஸ்க்கைப் பிடுங்கிப் பார்த்தாள். பல் இரண்டு வரிசையும் பளிச்சென்று, கழுவி வைத்த பாத்திரம் மாதிரி இருந்தது. அப்போதுதான் கடைக்குட்டியைக் காணோம் என்று பார்த்தாள். ஏழாவது இழுப்பறைக்குள்ளிருந்து ஒரு வால் மட்டும் வெளியே ஆடிக்கொண்டிருந்தது.

"குண்டுமணி! வெளிய வாடி!"

பொந்தைப் பார்த்தால் உள்ளே புகுவது கீரிப் பிறவி. அதிலும் தேன் வாசம் வேறு. குண்டுமணி சாவகாசமாக வெளியே வந்தாள். மூக்கு நுனியில் சந்தனம். நாலாவது இழுப்பறையை ஏற்கெனவே முடித்துவிட்டாள் என்பது அவள் தொப்பையைப் பார்த்தாலே தெரிந்தது. சடச்சி அவள் மூக்கைத் தன் வாலால் துடைத்துவிட்டு, டிஸ்க்குகளை இருந்த இடத்தில் இருந்த மாதிரியே வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் உட்கார்ந்துகொண்டாள். 

பார்த்தது வீராயி மட்டும்தான். வீராயி வாயைத் திறக்கவில்லை. அவளுக்கும் ஒரு சாவி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

டீ குடித்துவிட்டு அருளப்பன் வந்தான். கரடி இன்னும் பின்கட்டில் குழைத்துக்கொண்டிருந்தார். சும்மா நிற்பதற்குப் பதில் கடைசியாக ஒரு தடவை போட்டுப் பார்ப்போமே என்று நாலையும் ஏழையும் உள்ளே தள்ளிக் கரெண்டைக் கொடுத்தான்.

பச்சை.

இன்னொரு பச்சை.

"சார்! சார்! வந்திருச்சு! ரெண்டு வழியும் தொறந்திருச்சு!"

பெரியகருப்பன் முழங்கைவரை சந்தனத்தோடு ஓடி வந்தார். மெஷினைப் பார்த்தார். பச்சை பச்சையாகப் பன்னிரண்டு விளக்கு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நான் இன்னும் வைக்கவே இல்லையேப்பா. வைக்கப் போறேன்னு சொன்னதுக்கே குளிர்ந்துபோச்சா!"

"இல்ல சார், ஏதோ நடந்திருக்கு" என்றான் அருளப்பன். அவனும் படித்த மரங்கொத்திதான். "காரணம் இல்லாம வழி தொறக்காது. நான் போறப்ப ஆரஞ்சு, வரப்ப பச்சை. நடுவுல என்ன நடந்துச்சு?"

கரடி நிமிர்ந்தார். "ஆமா. அதுவும் சரிதான். நடுவுல யாராவது தொட்டீங்களா? தொட்டிருந்தா சொல்லிருங்க. கமிட்டி போட்டு விசாரிச்சிரலாம். பயப்பட ஒண்ணும் இல்ல. விசாரணை முடியறவரைக்கும் சாவியெல்லாம் ஆணியிலயே இருக்கும், அவ்வளவுதான்."

 வெளியே பொட்டு பொட்டாக மழை விழத் தொடங்கியது.

சடச்சி பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். உண்மை அவள் தொண்டைவரை வந்துவிட்டது. அந்தச் சந்தனம்தாங்க அடைச்சுக்கிட்டிருந்துச்சு, என் பிள்ளைங்கதான் நக்கிருச்சு என்று சொல்லிவிடலாம். சொன்னால் நாளைக்கு யாருக்கும் இந்தத் தொல்லை இருக்காது. கமிட்டியும் உட்காரும். கமிட்டி எழுந்திருக்கும்போது ஓடை எங்கே இருக்கும்? குட்டிகளை எண்ணிப் பார்த்தாள். மூன்று. வாய் ஒன்று.

"யாரும் தொடலைங்க ஐயா" என்றாள். "எல்லாம் நீங்க மனசுல நெனச்சதுக்குத்தாங்க தொறந்துச்சு."

கரடிக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது. உடனே அவள் பெயரை மெஷினில் ஏற்றினார். ஆணியிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். சடச்சி அதை வாயில் கவ்விக்கொண்டாள். இரும்பு இவ்வளவு ருசியாக இருக்கும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. குட்டிகளைத் தள்ளிக்கொண்டு வாசலைத் தாண்டப் போனாள்.

அப்போது பின்னால் கரடியின் குரல் கேட்டது.

"தம்பி, ஒண்ணாம் நம்பரை உருவு. சொன்ன சொல்லை மாத்தக்கூடாது. மொத்தம் பன்னிரண்டுக்கும் வச்சாகணும். பானை நெறையக் குழைச்சிட்டேன்."

சடச்சி நின்றாள்.

ஒன்றுக்கு வைப்பார், ஆரஞ்சு வரும். இரண்டுக்கு வைப்பார், ஆரஞ்சு வரும். மூன்றாவதுக்கு வைத்தால் எல்லாம் போய்விடும். இப்போதுதான் ஏற்றிய அவள் பெயரும் போய்விடும். அப்புறம் மேட்டு வளை வாசலில் உடும்பு வந்து நின்று இது யார் வீடு என்று கேட்டால் என்ன சொல்வாள்? அவளிடம் இருப்பது சாவி இல்லை, கரடி சொன்னதுபோல் வெறும் இரும்பாகத்தான் இருக்கும்.

சொல்லித்தான் ஆகவேண்டும். ஆனால் சாவியைக் கவ்விக்கொண்டு பேச முடியாது.

திரும்பி வந்தாள். சாவியைத் தரையில் போட்டாள். அதன்மேல் முன்காலை அழுத்தி வைத்துக்கொண்டாள்.

"ஐயா, ஒரு வார்த்தை."

"என்னம்மா?"

உண்மையைச் சொன்னால் கமிட்டி. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வாயில் என்ன வந்ததோ அதைச் சொன்னாள்.

"எங்க பக்கத்துல, பொட்டு வச்ச உடனே உள்ள விடமாட்டாங்க. திரை கட்டி, திரைக்குப் பின்னால கொஞ்ச நேரம் வைக்கணும். பெத்தவளும் பிள்ளைங்களும்தான் கூட இருக்கணும். வேற யாரும் பாக்கக்கூடாது. பாத்தா ஆகாது. ஒரு வெள்ளிக்கிழமைக்கு ஒரு டிஸ்க்குதான் வைக்கணும். அதாங்க எங்க சம்பிரதாயம்."

ஏன், எதற்கு, யார் சொன்னது என்று கேட்பாரோ என்று பயந்தாள். மெஷினில் ஆரஞ்சு வந்ததற்கு ஆயிரம் கேள்வி கேட்டவர்கள் அல்லவா. பெரியகருப்பன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"திரை என்ன கலர்ல இருக்கணும்?"

"மஞ்சள்" என்றாள் சடச்சி.

"அதானே பாத்தேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டார் கரடி. "இத்தனை நாளா திரை கட்டாம வச்சிட்டோம், அதான் அந்த ஆரஞ்சு. ஏன் தம்பி, உங்க கம்பெனியில இதெல்லாம் சொல்லித் தர மாட்டாங்களா?"

"இல்ல சார்" என்று அருளப்பன் வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டான். போனில் ஆமைக்கும் சொல்லிவிட்டான். ஆமை அதை மெதுவாக எழுதிக்கொண்டது. இப்போது எந்தக் காட்டிலிருந்து போன் போட்டாலும், திரை கட்டினீர்களா என்றுதான் முதலில் கேட்கிறதாம்.

அன்றைக்கு ராத்திரி ஓடை கரை மீறியது. பழைய வளை இருந்த இடம் தெரியாமல் போனது. மேட்டு வளையில் மூன்று குட்டிகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்து தூங்கின. சடச்சி சாவியைத் தலைக்கடியில் வைத்துக்கொண்டு படுத்தாள்.

அதற்கப்புறம் வெள்ளிக்கிழமை தவறாமல் ஆபீசில் மஞ்சள் திரை கட்டினார்கள். உள்ளே பொட்டோடு ஒரு டிஸ்க் போகும். சடச்சியும் மூன்று குட்டிகளும் பின்னாலேயே போவார்கள். வெளியே எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். உள்ளிருந்து சப், சப் என்று சத்தம் வரும்.

"மந்திரம் சொல்றாங்க" என்பார் பெரியகருப்பன், பக்கத்தில் நிற்பவரிடம், தணிந்த குரலில்.

"வேகமா சொல்றாங்க" என்பாள் வீராயி. அவளுக்கும் நல்ல வளையாகக் கிடைத்திருந்தது.

குண்டுமணி இப்போது நாலாவது இழுப்பறைக்குள் நுழைய முடியாத அளவுக்குக் கொழுத்துவிட்டாள். சம்பிரதாயத்துக்குச் சின்னப் பிள்ளைகள் வேண்டுமே! அதனால் அடுத்த பிரசவம் எப்போது என்று சடச்சியை ஆபீசே விசாரிக்கிறது.

நீதி: உண்மையைச் சொன்னால் கமிட்டி போடுவார்கள், சம்பிரதாயம் என்று சொன்னால் திரை கட்டித் தருவார்கள். எதைச் சொல்வதானாலும் சாவியைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு சொல்லவும்.